நாலாவது ஏ லெவலா, ஏஎஸ்ஸா, டிஎம்யூஏவா, ஸ்டெப்பா? கூடுதல் கணிதத்தை யூகாஸில் எப்படிக் காட்டுவது

போன செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனவன் இரவு 11 மணிக்குத்தான் வெளியே வந்தேன். காரணம் அக்காவின் மகள். பள்ளியின் கடைசி வருடமான 13ஆம் வருடம் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று கையில் நாலு ஏ லெவல், கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க ஆசை, யூகாஸ் (பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற பொதுத் தளம்) விண்ணப்பம் பாதி நிரப்பியபடி லேப்டாப்பில் திறந்து கிடந்தது. "மாமா, நாலும் வேணுமா? ஒன்றை விடுறதென்றால் எதை விடுறது? டிஎம்யூஏ எழுதச் சொல்லுறாங்க, ஸ்டெப் எழுதினால் இன்னும் நல்லமாம், இதையெல்லாம் இந்த ஃபோர்மில எங்கே போடுறது?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். (டிஎம்யூஏ, ஸ்டெப் இரண்டும் சில பல்கலைக்கழகங்கள் கேட்கிற தனிக் கணிதத் தேர்வுகள், பிறகு விவரமாகச் சொல்கிறேன்.)

மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பது என் பக்கத்தொழில், அதனால் இந்தக் கேள்வி எனக்கு வருடா வருடம் வரும். ஆனால் வீட்டுக்குள்ளேயே வந்தபோதுதான் முழுசாக உட்கார்ந்து ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்து முறையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஸ்காட்லாந்தில் அட்வான்ஸ்ட் ஹையர் என்று வேறு கணக்கு.

முதலில் அத்தானுடைய பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அதே பிரச்சினை. அத்தான் ஊரில், இலங்கையில், ஏ லெவல் எடுத்த காலத்தில் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம் என்று நாலு பாடம், நாலின் புள்ளிகளையும் கூட்டித்தான் கம்பஸ் கிடைக்குமா இல்லையா என்று முடிவு. (பிறகுதான் இரண்டு கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதம் ஆகி, மூன்று பாடமாகச் சுருங்கியது.) அந்தக் கூட்டல் அவர் தலையை விட்டுப் போகவே இல்லை. இங்கேயும் யூகாஸ் டாரிஃப் என்று ஒரு புள்ளிப் பட்டியல் இருக்கிறது, ஏ லெவலில் ஏ ஸ்டாருக்கு 56, ஏக்கு 48, பிக்கு 40, ஏ லெவலின் முதல் வருட அளவான ஏஎஸ்ஸில் ஏ எடுத்தால் 20. இதைப் பார்த்ததும் அத்தானுக்குச் சந்தோஷம், நாலாவது பாடத்தில் ஒரு பி எடுத்தாலும் 40 புள்ளி சும்மா வருகிறதே என்றார்.

வராது. வரும், ஆனால் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. போட்டி அதிகமான பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கிரேடைச் சொல்லித்தான் ஆஃபர் (இதை எடுத்தால் இடம் என்ற வாக்கு) கொடுக்கும், ஏ ஸ்டார் ஏ ஸ்டார் ஏ, அல்லது ஏ ஏ ஏ என்று, அதுவும் பொதுவாக மூன்று பாடத்துக்கு. டாரிஃப் புள்ளியைக் கூட்டிப் பார்க்கும் இடங்களும் உண்டு, ஆனால் அந்த இடங்களுக்கு நாலு ஏ லெவல் எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இருக்காது. அதனால் "இது எத்தனை புள்ளி தரும்" என்று கேட்காமல், "இது ஆஃபரில் நிபந்தனையாக வருமா, வராவிட்டால் இதை யார் எந்த இடத்தில் வாசிப்பார்கள்" என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முழு ஃபர்தர் மேத்ஸ் ஏ லெவல். கணிதம், கம்ப்யூட்டர் சயன்ஸ், பிசிக்ஸ், இன்ஜினியரிங், கணிதம் நிறைந்த எக்கனாமிக்ஸ் என்று போகிற பிள்ளைக்கு, பள்ளியில் இது இருந்தால், இதைவிட நல்ல கூடுதல் கணிதம் கிடையாது. சான்றிதழ் இருக்கட்டும், உள்ளே இருக்கும் விஷயமே போதும் காரணத்துக்கு. பாதிப் பாடம் எல்லோருக்கும் பொதுவான கோர் ப்யூர்: சிக்கலெண், தாயம் (தமிழ்நாட்டில் கலப்பெண், அணி என்பார்கள்), தொகுத்தறிதல், வகையீட்டுச் சமன்பாடு, போலார் ஆயங்கள் எல்லாம் இங்கேதான் வருகின்றன, சாதாரண ஏ லெவல் மேத்ஸில் சிக்கலெண்ணும் தாயமும் தலைகாட்டுவதே இல்லை. மீதிப் பாதி விருப்பப் பாடங்கள். இன்ஜினியரிங் போகிறவன் ஃபர்தர் மெக்கானிக்ஸ் எடுத்திருந்தால் அது பேசும், கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு டிசிஷன் மேத்ஸில் வரும் வலையமைப்பு வழிமுறைகள், டைக்ஸ்ட்ரா, கிரஸ்கல் எல்லாம் நேராகவே பொருந்தும். முதலாம் வருடப் பல்கலைக்கழகக் கணிதத்தில் இதே விஷயங்கள் திரும்ப வரும்போது, முன்பே பார்த்த பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டு படிக்கும், மற்றப் பிள்ளை ஓடி ஓடிப் பிடிக்கும்.

இதிலே பெற்றோர் கவனிக்காத ஒரு நுணுக்கம்: எந்த விருப்பப் பாடம் எடுத்தாய் என்பது கிரேடில் தெரியாது. ஃபர்தர் மேத்ஸ், ஏ, அவ்வளவுதான். பாடத்தின் பெயர் ஒரு வரி, அதற்குள் மெக்கானிக்ஸ் இருந்ததா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருந்ததா என்று வாசிக்கிறவர் ஊகிக்க மாட்டார், அதைப் பிள்ளைதான் தன் கட்டுரையில் சொல்ல வேண்டும். அதை எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

கேள்வி என்னவென்றால், ஃபர்தர் மேத்ஸை மூன்றில் ஒன்றாக எடுப்பதா, நாலாவதாக எடுப்பதா? கணிதம், பிசிக்ஸ், கம்ப்யூட்டர் சயன்ஸ், இன்ஜினியரிங் என்றால் மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ், பிசிக்ஸ் என்ற மூன்றும் தாராளமாகப் போதும். நாலாவது பாடம் இல்லையே என்று கேம்பிரிட்ஜ்கூடக் கேட்காது. ஆனால் மெடிசின் பக்கம் போனால் கதை மாறும். மேத்ஸையும் ஃபர்தர் மேத்ஸையும் சேர்த்து ஒரே பாடமாக எண்ணுகிற மருத்துவக் கல்லூரிகள் பல. அங்கே ஃபர்தர் மேத்ஸை மூன்றாவதாக நம்பிப் போனால் இரண்டு பாடத்தோடு நிற்க வேண்டி வரும். சில எக்கனாமிக்ஸ் கற்கைநெறிகளிலும் இரண்டு கணிதம் போக ஒரே ஒரு பாடம் என்பதை அகலம் குறைந்த சேர்க்கை என்று பார்ப்பார்கள். அந்தந்தக் கற்கைநெறியின் பக்கத்தில் ஏற்றுக்கொள்ளாத பாடங்கள் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதை விண்ணப்பிக்கும் முன் வாசித்தாக வேண்டும், யூகாஸில் போடுகிற ஐந்து தெரிவுக்கும் தனித்தனியாக.

நாலாவதாக எடுத்தால் வரும் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான், மற்ற மூன்றில் ஒன்று சரியும். மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் தேர்வு வரிசையைப் பார்த்தால் புரியும்: எடெக்ஸல் என்ற தேர்வு வாரியத்தில் மேத்ஸுக்கு 2 மணி நேரத் தாள் மூன்று, ஃபர்தருக்கு ஒன்றரை மணி நேரத் தாள் நாலு, அதற்கு மேலே பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று தலா மூன்று. ஆஃபர் மூன்று பாடத்துக்கு என்றால், நாலாவதின் தாள்களுக்குப் போன ஒவ்வொரு இரவும் அந்த மூன்றிலிருந்து எடுத்த இரவு.

இதற்குப் பக்கத்தில் ஏஎஸ் ஃபர்தர் மேத்ஸை வைத்துப் பாருங்கள். 12ஆம் வருடக் கடைசியில் எழுதி முடித்துவிடலாம், எடெக்ஸலில் 1 மணி 40 நிமிடத் தாள் இரண்டு. சிக்கலெண், தாயம், தொகுத்தறிதல் என்று அடிப்படை எல்லாம் இதிலேயே வந்துவிடும். இன்ஜினியரிங் போகிற, ஆனால் மூன்று பாடத்திலேயே மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஃபர்தர் மேத்ஸில் நல்ல கிரேட் இருந்தால், ஏஎஸ்ஸாக இருந்தாலும், ஆஃபரில் ஒரு கிரேட் இறக்கிக் கொடுக்கிற கணிதத் துறைகளும் உண்டு. 2017க்குப் பிறகு வந்த புதிய கணிதப் பாடத்திட்டத்தில் ஏஎஸ்ஸும் ஏ லெவலும் வேறு வேறு தகுதிகள். ஏஎஸ் புள்ளி ஏ லெவலுக்குள் போய்ச் சேராது, அதனால் ஏஎஸ்ஸில் சறுக்கினாலும் ஏ லெவலை அது தொடாது. ஆனால் எழுதிச் சான்றிதழ் வந்தால் அது விண்ணப்பத்தில் இருந்தாக வேண்டும், இங்கேதான் ஒரு பிள்ளை மாட்டினான்.

என்னிடம் படித்தவன்தான். 12ஆம் வருடத்தில் ஏஎஸ் ஃபர்தர் எழுதி டி எடுத்தான், மற்றப் பாடங்களில் பிரெடிக்டட் கிரேட் (ஆசிரியர் எதிர்பார்க்கிற கிரேட்) எல்லாம் ஏயும் ஏ ஸ்டாரும். அந்த டியை ஃபோர்மில் போடாமல் விட்டுவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவனும் விட்டான். யூகாஸ் விதி தெளிவு: முடித்த தகுதிகள் அத்தனையும், பெயிலானதையும் சேர்த்து, எழுத வேண்டும். பள்ளியில் விண்ணப்பத்தைச் சரிபார்த்த ஆசிரியர் பிடித்துத் திருப்பி அனுப்பினார், அனுப்பாமல் போயிருந்தால் விண்ணப்பமே ரத்தாகிற அளவுக்குப் போகலாம். அந்த டியைப் போட்டே அனுப்பினான், இன்ஜினியரிங் ஆஃபர் மூன்று வந்தது. மூன்று நாள் தூங்காததுதான் மிச்சம். ஆனால் ஒன்று, 12ஆம் வருடத்தில் பள்ளி உள்ளுக்குள் வைக்கிற தேர்வு தகுதி ஆகாது. ஒரு பாடத்தை ஒரு வருடம் படித்துவிட்டு, வாரியத் தேர்வு எழுதாமல் விட்டால், தகுதிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. இது அக்கா வீட்டுக் கதைக்குத் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ லெவல் மேத்ஸை 12ஆம் வருடத்திலேயே முடித்து, 13இல் ஃபர்தர் எடுக்கிற பள்ளிகளும் இருக்கின்றன. தனியாக எழுதுகிற பிள்ளைகளும் இப்படிச் செய்வார்கள், தேர்வு நிலையத்துக்குச் சொந்தப் பணம் கட்டி. விண்ணப்பிக்கும்போதே கையில் ஏ ஸ்டார் இருந்தால் அதைப் போல் பலம் கிடையாது, பிரெடிக்டட் என்பது ஆசிரியரின் வாக்கு, இது நடந்து முடிந்தது. ஆனால் கையில் ஏ வந்துவிட்டால்? கேம்பிரிட்ஜ் கணிதம் போல ஏ ஸ்டார் எதிர்பார்க்கும் இடத்துக்கு அந்த ஏ எழுதித்தான் ஆக வேண்டும், திரும்ப எழுதப் போகிறேன் என்று இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். 17 வயதில் ஒரு வருடம் முதிர்வதற்கு முன்பே எழுதித் தள்ளுவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஒரு வருடம் கூடப் படித்தவனுடைய ஏ ஸ்டாரும் அதே ஏ ஸ்டார்தானே. பள்ளியே அப்படி நடத்தினால் வேறு விஷயம், அப்போது வகுப்போடு போவதுதான் நல்லது.

இனி டிஎம்யூஏவும் ஸ்டெப்பும். இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறார்கள், ஆனால் இரண்டும் விண்ணப்பத்தில் வேலை செய்கிற விதமே வேறு.

டிஎம்யூஏ இரண்டு தாள், ஒவ்வொன்றும் 75 நிமிடம், 20 கேள்வி, எல்லாம் பல்தேர்வு, கால்குலேட்டர் கிடையாது. முதல் தாள் தெரிந்த கணிதத்தைப் புதிய இடத்தில் போட்டுப் பார்ப்பது, இரண்டாவது தர்க்கம்: இந்தக் கூற்று உண்மையென்றால் எது கட்டாயம் உண்மை, இந்த நிறுவலில் எந்த வரியில் பிழை என்பது மாதிரி. 1.0இலிருந்து 9.0 வரை ஒரு புள்ளி கொடுப்பார்கள். கேம்பிரிட்ஜும் இம்பீரியலும் சேர்ந்து நடத்துகிற அமைப்பின் தேர்வு, இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டிங் போகிறவர்களுக்கும், கேம்பிரிட்ஜில் எக்கனாமிக்ஸுக்கும், எல்எஸ்இயின் எக்கனாமிக்ஸுக்கும் இது கட்டாயம். டர்ஹாம் போன்ற இடங்களில் கணிதத் துறை கட்டாயம் என்று சொல்லாமல், நல்ல புள்ளி இருந்தால் ஆஃபரைக் கொஞ்சம் தளர்த்துகிற வழக்கம் இருந்து வருகிறது. இந்தத் தேர்வுகளின் பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறுவதால் போன வருடம் மச்சான் எழுதினான் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

டிஎம்யூஏவில் எனக்குப் பிடித்தது, இதற்கு ஃபர்தர் மேத்ஸ் தேவையில்லை. பாடத்திட்டம் பெரும்பாலும் ஏ லெவல் மேத்ஸின் முதல் வருட அளவுதான். பள்ளியில் ஃபர்தர் மேத்ஸே இல்லாத பிள்ளை, "எனக்குக் கணிதம் வரும்" என்று வெளியே காட்ட இதைவிட மலிவான, நேரான வழி இல்லை. இரண்டாவது, அக்டோபரில் எழுதினால் நவம்பருக்குள் முடிவு வந்து பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போய்விடும், ஆஃபர் கொடுக்கும் முன்பே அவர்கள் பார்க்கிறார்கள். அதற்காகக் கட்டுரையில் ஒரு சொல்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை, செலவழிக்கவும் முடியாது, கேம்பிரிட்ஜுக்கென்றால் கடைசித் தேதியான அக்டோபர் 15க்குள் விண்ணப்பம் போயிருக்கும், புள்ளி இன்னும் வந்திருக்காது. பதிவு செய்கிற கடைசித் தேதி மட்டும் செப்டம்பரிலேயே வந்துவிடும், பள்ளி ஞாபகப்படுத்தும் என்று இருந்து கோட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்டெப் வேறு இனம். 3 மணி நேரம், 12 கேள்வி, எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், சிறந்த ஆறைத்தான் எண்ணுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. ஆறையும் முழுசாகச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, நாலைச் சுத்தமாகச் செய்தாலே பெரிய விஷயம். எஸ் (உச்சம்), 1, 2, 3, யூ (தேறாதது) என்று கிரேட். முன்பு மூன்று தாள் இருந்தது, இப்போது ஸ்டெப் 2, ஸ்டெப் 3 மட்டும். இரண்டாவதற்கு ஏ லெவல் மேத்ஸும் ஏஎஸ் ஃபர்தர் அளவும் வேண்டும், மூன்றாவதற்கு முழு ஃபர்தரும். எழுதுவது ஜூனில், முடிவு ஆகஸ்டில், ஏ லெவலோடு சேர்ந்து. அப்படியானால் விண்ணப்பத்தில் அது ஒரு புள்ளியாக இருக்கவே முடியாது, எழுதப் போகிறேன் என்ற ஒரு வரியாகத்தான் இருக்கும். அது வேலை செய்வது ஆஃபரில்: கேம்பிரிட்ஜ் கணிதத்தின் வழக்கமான ஆஃபர் ஏ ஸ்டார் ஏ ஸ்டார் ஏயோடு ஸ்டெப் 2இலும் 3இலும் கிரேட் 1.

ஆக, ஒன்று கதவைத் தட்டும்போது கையில் இருப்பது, மற்றது உள்ளே விட்ட பிறகு கேட்கிற வாடகை. கம்ப்யூட்டர் சயன்ஸுக்குப் போகிற அக்கா மகளுக்கு ஸ்டெப் எழுத வேண்டிய எந்தக் காரணமும் இல்லை என்று அங்கேயே சொன்னேன். கொஞ்சம் முகம் வாடியது, வகுப்பில் இரண்டு பேர் எழுதுகிறார்களாம். எழுதாமல் படிக்கலாமே! கேம்பிரிட்ஜ் கணிதத் துறை ஸ்டெப்புக்கென்று ஒரு பயிற்சித் திட்டத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, பழைய தாள்களும் அப்படியே, 1987இலிருந்து. ஒரு ஸ்டெப் கேள்வியோடு இரண்டு மாலை மல்லுக்கட்டியது நேர்முகத்தில் உதவும், கட்டுரையிலும் உதவும். சான்றிதழ் இல்லாமலே.

சின்னச் சான்றிதழ்கள் சிலவும் உண்டு, சீக்கிரம் பார்த்துவிடலாம். ஏக்யூஏ வாரியத்தின் லெவல் 2 ஃபர்தர் மேத்ஸ், ஜிசிஎஸ்இ வருடத்தில் எழுதுவது. முடித்திருந்தால் பட்டியலில் போடுங்கள், அதற்கு மேல் பேச வேண்டாம், 13ஆம் வருடத்தில் நிற்கிற பிள்ளை 16 வயதுச் சான்றிதழைத் தூக்கிப் பிடிப்பது நன்றாக இருக்காது. ஓசிஆர் வாரியத்தின் எஃப்எஸ்எம்க்யூ அடிஷனல் மேத்ஸ் அதைவிட ஒரு படி மேலே, லெவல் 3 (ஏ லெவல் மட்டம்), சின்னதாக டாரிஃப் புள்ளியும் உண்டு, அதுவும் அதே மாதிரித்தான். கோர் மேத்ஸ் என்பது ஏ லெவல் கணிதம் எடுக்காதவர்களுக்கானது, சைக்காலஜி, ஜியோகிரஃபி போகிறவர்களுக்கு நல்ல பொருள், ஏ லெவல் மேத்ஸ் இருக்கிறவனுக்கு அதனால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. ஈபிக்யூ (பிள்ளை தானே ஒரு தலைப்பை எடுத்து ஆராய்ந்து செய்கிற திட்டப்பணி) கணிதத் தகுதி இல்லை, ஆனால் கணிதத் தலைப்பில் ஒரு நல்ல ஈபிக்யூ, நாலாவது ஏ லெவலில் எடுத்த பியைவிட அதிகம் பேசும் என்பது என் அபிப்பிராயம். அதில் ஏ எடுத்தால் வழக்கமான ஆஃபரோடு இன்னொரு ஆஃபரை ஒரு கிரேட் இறக்கிக் கொடுக்கிற பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன.

அப்புறம், எங்கே போடுவது. ஃபோர்மில் மூன்று இடம் இருக்கிறது, மூன்றையும் மூன்று வேலைக்கு வைத்துக்கொண்டால் போதும்.

கல்விப் பகுதியில் தகுதிகள், கிரேடுகள், இனி எழுதப் போகிறவை. இது வெறும் பட்டியல், இதில் அழகுக்கு வேலையில்லை, ஒன்றும் விடுபடக் கூடாது, தேர்வு வாரியத்தின் பெயர் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே. எழுதப் போவதாக ஒரு பாடத்தைப் போட்டால் பல்கலைக்கழகம் அதைப் பார்க்கிறது, ஆஃபரில் சேர்க்கவும் செய்யலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஜனவரியில் நாலாவது பாடத்தை விட்டுவிட்டால், விண்ணப்பித்த எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் பரவாயில்லை என்றுதான் பதில் வரும், ஆனால் அந்தப் பதில் வரும் வரை வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. விடப்போகிற பாடமென்றால் அக்டோபருக்கு முன்பே விடுங்கள்.

இரண்டாவது இடம் பிள்ளையின் கையில் இல்லை, ஆசிரியரின் ரெஃபரன்ஸ். அதில் முதல் பகுதி பள்ளியைப் பற்றியது. எங்கள் பள்ளியில் ஃபர்தர் மேத்ஸ் இல்லை, அல்லது ஆசிரியர் இல்லாததால் ஏஎஸ் வரைதான் நடத்துகிறோம் என்பதெல்லாம் அங்கேதான் வர வேண்டும். பிள்ளை தன் கட்டுரையில் இதை எழுதினால் முறைப்பாடு மாதிரி இருக்கும், பள்ளி எழுதினால் அது தகவல். ரெஃபரன்ஸில் இது இருக்கிறதா என்று ஆசிரியரிடம் பணிவாக ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை. கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது கட்டுரை. 2026 சேர்க்கையிலிருந்து பழைய நீளக் கட்டுரை போய் மூன்று கேள்வி வந்திருக்கிறது: இந்தப் பாடம் ஏன், உன் படிப்பு உன்னை எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். மொத்தம் 4000 எழுத்து, இடைவெளியும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. கூடுதல் கணிதம் வர வேண்டியது இரண்டாவது கேள்வியில். அங்கேதான் அக்கா மகள் முதலில் எழுதியிருந்தது இது (ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன்): "நான் மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ஆகிய நான்கு ஏ லெவல்களைப் படிக்கிறேன். ஃபர்தர் மேத்ஸ் என் பகுப்பாய்வுத் திறனையும் பிரச்சினை தீர்க்கும் திறனையும் வளர்த்தது."

முதல் வாக்கியம் ஃபோர்மில் ஏற்கெனவே இருக்கிறது, திரும்ப எழுதி எழுத்தை வீணாக்க வேண்டாம் என்றேன். இரண்டாவது வாக்கியத்தில் ஃபர்தர் மேத்ஸை எடுத்துவிட்டு வரலாறு என்று போட்டாலும் அப்படியே நிற்கும், இல்லையா? சிரித்தாள். சரி, ஃபர்தர் மேத்ஸில் எந்த இடத்தில் "அட" என்று இருந்தது, அதைச் சொல் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைச் சுழற்றிக்கொண்டு இருந்துவிட்டு, தாயத்தைப் பற்றிச் சொன்னாள். 30 பாகை சுழற்றும் தாயத்தை 12 தடவை பெருக்கினால் அலகுத் தாயம் வந்து நிற்கும், அது சுழற்சிதானே, 360 பாகை சுற்றி வந்த இடத்துக்கே வருகிறது. அதை முதலில் கையால் பெருக்கிப் பார்த்திருக்கிறாள், மூன்றாம் பெருக்கலில் களைத்துப் போய், அடுக்கை இரட்டித்து இரட்டித்துப் போனால் வேலை குறையும் என்று கண்டுபிடித்திருக்கிறாள்: வர்க்கம், அதன் வர்க்கம், அதன் வர்க்கம், பிறகு எட்டாம் அடுக்கையும் நாலாம் அடுக்கையும் சேர்த்தால் 12. பிறகு பைதானில் அதையே எழுதிப் பார்த்தால், கடைசியில் 1 வர வேண்டிய இடத்தில் 1க்கு மயிரிழை தள்ளி ஏதோ எண் வந்து நிற்கிறது. ஏன் என்று தேடப் போனதில் கம்ப்யூட்டர் தசமங்களை எப்படிச் சேமிக்கிறது என்பது வரைக்கும் போயிருக்கிறாள்.

"இதையெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டாள். இதைத்தான் எழுத வேண்டும். ஃபர்தர் மேத்ஸ் என்ற பெயரும் வந்தது, அதற்கும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கும் உள்ள தொடர்பும் வந்தது, திறன் வளர்ந்தது என்று அவள் வாயால் சொல்லவே வேண்டியதில்லை. எழுதி முடித்தபோது ஏறக்குறைய 900 எழுத்து வந்தது. நேர்முகத்தில் இதிலிருந்தே கேட்பார்கள், எனவே உண்மையில் செய்தது மட்டும்தான் எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன். ஸ்டெப் தாளைப் பார்த்திருக்கிறேன் என்று எழுதினால், சரி, எந்தக் கேள்வி என்பார்கள்.

மிச்சம் இருந்தது நாலாவது பாடம். அவளுக்கு மேத்ஸில் ஏ ஸ்டார், மற்ற மூன்றிலும் ஏ என்று பள்ளி சொல்லியிருந்தது. டிஎம்யூஏவுக்கு ஐந்து வாரம்கூட இல்லை. நாலு பாடத்தையும் வைத்துக்கொண்டு டிஎம்யூஏவும் என்றால் எல்லாம் அரைகுறை. ஃபர்தரை ஏஎஸ்ஸோடு நிறுத்துவதென்றாலும், பள்ளி 12ஆம் வருடத்தில் ஏஎஸ் எழுத வைக்கவில்லை, விட்டால் ஒரு தடயமும் இருக்காது. கம்ப்யூட்டர் சயன்ஸுக்குப் போகிறவள் கெமிஸ்ட்ரியை வைத்துக்கொண்டு ஃபர்தர் மேத்ஸை விடுவது, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் வேட்டியை விட்டுவிட்டுக் குடையைக் கொண்டுபோனது மாதிரி. நான் சொன்னது கெமிஸ்ட்ரியை விடு, மேத்ஸ், ஃபர்தர், பிசிக்ஸ் மூன்றோடு டிஎம்யூஏ, அவ்வளவுதான். கெமிஸ்ட்ரிக்கு வாரியத் தேர்வு ஒன்றும் எழுதவில்லை, ஆகவே பட்டியலில் அது இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

அக்காதான் விடவில்லை. கெமிஸ்ட்ரியை விட்டால் டொக்டர் கதவு மூடிப் போகுமே என்றார். அந்தக் கதவை நோக்கிப் பிள்ளை ஒரு நாளும் நடந்ததில்லை என்று அத்தான் சொன்னார், அன்று முழுக்க அவர் சொன்னதில் இதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அவருமே கூட்டலை விடவில்லை, "நாலு போய் மூன்றாகுதே" என்று இரண்டு தடவை சொன்னார். ஆஃபர் மூன்றுக்குத்தான் அத்தான் என்று நானும் இரண்டு தடவை சொன்னேன்.

திங்கட்கிழமை பள்ளியில் போய்ச் சொல்லிவிட்டாள். அக்டோபர் 15க்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பம் போய்விட்டது, டிஎம்யூஏவும் எழுதினாள். கெமிஸ்ட்ரிப் புத்தகங்கள் மட்டும் இன்னும் அக்கா வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. யாருக்காவது கொடுக்கலாமே என்று கேட்டேன். தம்பி எட்டாம் வருடம், அவனுக்கு உதவும் என்றார் அக்கா.